கரிசல் தரையும் குறுக்கு மட்டையும்

2024 அக்டோபர் முதல் தேதி கான்பூரில் இந்தியா வங்கதேசத்தை வென்ற டெஸ்ட்டைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் வேகத்தைப் பற்றியே பேசினார்கள். பேசாமல் எப்படி இருப்பது? முதல் நாளில் 35 ஓவர்தான் நடந்தது. அடுத்த இரண்டு நாளும் மழையிலும் ஈரத்திலும் போயின. ஒரு பந்துகூட வீசவில்லை. நான்காம் நாள் வங்கதேசம் 233 ரன்னுக்கு ஆட்டமிழந்ததும் இந்தியா மட்டை பிடித்து, 34.4 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 285 எடுத்து டிக்ளேர் செய்தது. முதல் 50 ரன் 3 ஓவரில் வந்தது, 100 ரன் 10.1 ஓவரில். டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியும் அவ்வளவு சீக்கிரம் அந்த எண்களைத் தொட்டதில்லை. ரோகித் சர்மா தன்னிடம் வந்த முதல் இரண்டு பந்தையும் சிக்ஸருக்கு அனுப்பினார். யஷஸ்வி ஜெய்ஸ்வால் 51 பந்தில் 72. மறுநாள் வங்கதேசம் 146க்குச் சுருண்டது, இந்தியா 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து இந்தியா ஆடியது 52 ஓவர்தான்.

இதைத் துணிச்சலின் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. துணிச்சல் இருந்தது, உண்மை. ஆனால் அந்தக் களம் கரிசல் மண்ணால் போட்டது. அதற்குச் சில நாள் முன்னால் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்ட்டோ செம்மண் களத்தில். அங்கே இந்தியா 6 விக்கெட்டுக்கு 144 என்று தடுமாறியபின் அஸ்வின் 113, ஜடேஜா 86 எடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். அதே இரண்டு அணிகள், மண் மட்டும் வேறு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என்று விரிந்து கிடக்கும் இந்த மானாவாரிக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு ‘கருப்பு மண் களம்’ என்று வர்ணனையாளர் சொல்லும்போது காதில் வேறொன்று விழும். பந்து எவ்வளவு எழும்பும், எந்த ஷாட் செல்லும், எது செல்லாது என்பது உடனே மனதுக்கு வந்துவிடும். டெஸ்ட்டில் அடித்து ஆடுவதைப் பற்றிய நம் வாக்குவாதங்களில் பாதி, இந்த இடத்திலிருந்து தொடங்காததால்தான் முட்டி மோதி நின்றுவிடுகிறது என்பது என் எண்ணம். ஆகவே கீழேயிருந்து, மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கரிசலில் இறங்கினால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். சித்திரையில் அதே நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்; கை நுழையும் அளவுக்கு வெடிப்பு இருக்கும். காரணம் அதிலுள்ள களிமண். மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் அந்தக் களியில் அதிகம். மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்த கனிமம் அது. தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், தண்ணீர் வெளியேறினால் சுருங்கும். சுருங்கும்போது எங்காவது பிளந்துதானே ஆக வேண்டும்? இந்தப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்துக்கு ஆழத் தோண்டி, கரிசலை அள்ளிவிட்டு வேறு மண் நிரப்புவதும் இதற்காகத்தான். செம்மண்ணில் உள்ள களி பெரும்பாலும் வேறு வகை. அது தண்ணீரை இப்படிப் பிடித்து வைக்காது, இப்படி உப்பவும் செய்யாது. சீக்கிரம் காயும், காய்ந்தபின் மேற்பரப்பு பொடிப்பொடியாக உதிரும்.

இதைக் கிரிக்கெட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம். நம் நாட்டுச் செம்மண் களத்தில் பந்து நன்றாக எழும்பும், வேகமாகவும் வரும். மேற்பரப்பு உதிரத் தொடங்கியதும் சுழலும், சுழன்றபடியே எழும்பவும் செய்யும். கரிசல் களம் ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். பந்து குத்தியதும் வேகத்தில் கொஞ்சத்தை மண் வாங்கிக்கொள்ளும். பந்து தணிந்து வரும், நின்று வரும். நாள் போகப் போக வெடிப்பு விரிந்தால் ஒரு பந்து முட்டியளவு, அடுத்த பந்து கணுக்கால் அளவு என்று ஏறி இறங்கும். மண் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நான் சொல்லவில்லை. ரோலர் எவ்வளவு உருண்டது, புல் எவ்வளவு விடப்பட்டது, கடைசியாக எப்போது தண்ணீர் காட்டினார்கள் என்பதெல்லாம் சேரும். மெல்போர்ன் மைதானத்துக் களத்தின் மெர்ரி க்ரீக் களிமண்ணும், சிட்னியின் புல்லி மண்ணும் கரிசலின் குடும்பம்தான். ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கிறவை. அங்கே பந்து நெஞ்சுக்கு எழும்புகிறது. கனத்த ரோலரால் இறுக்கி, புல்வேரால் கட்டி, நன்றாகக் காயவிட்டால் இதே களி கல்லைப்போல் ஆகிவிடும். இந்தத் தகவலைப் பின்னால் பயன்படுத்தப் போகிறேன்.

எங்கள் பக்கத்துப் பையன்கள் களம் போடும் விதத்தைச் சொன்னால் விஷயம் இன்னும் தெளியும். தை, மாசியில் அறுவடை முடிந்த புஞ்சை, இல்லையென்றால் தண்ணீர் வற்றிய கண்மாய். பருத்திமார் பிடுங்கிய குழிகளை மூடி, வெடிப்புகளுக்குள் பொடிமண்ணைத் தள்ளி, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தெளிப்பார்கள். ஈரம் பாதி வற்றிய நேரம் பார்த்துப் பலகையாலோ கட்டையாலோ தட்டி இறுக்குவார்கள். சாயங்காலத்துக்குள் வழவழவென்று ஒரு பட்டை கிடைத்துவிடும். இரண்டொரு நாள் அதில் பந்து ஒழுங்காக வரும். தணிவாக வரும், ஆனால் ஒரே மாதிரி வரும். பிறகு வெயில் தன் வேலையைக் காட்டும். தட்டி மூடிய வெடிப்பு அதே இடத்தில் திரும்பத் திறக்கும். பந்து போடுகிறவன் அந்தக் கோட்டைக் குறிவைத்தே போடுவான். விளிம்பில் பட்ட பந்து விலாவுக்கு வரலாம், தரையோடு உருண்டு ஸ்டம்பைச் சாய்க்கலாம். அப்போது எல்லைக்கோட்டில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாரிடமிருந்து ஒரே சத்தம் வரும்: “டேய், குறுக்க சுத்தாதடா, பந்து எந்திரிக்காது!”

அடிக்காதே என்று அவர்கள் சொல்வதில்லை. நேராக எவ்வளவு தூக்கி அடித்தாலும் கைதட்டுவார்கள். குறுக்கே வீசுவதைத்தான் தடுக்கிறார்கள். ஷாட் தேர்வு என்பதன் மூலக்கணக்கு அந்த ஒரு சத்தத்தில் இருக்கிறது.

அந்தக் கணக்கு இப்படி. மட்டையின் அகலம் 10.8 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பது விதி. நீளம் அதைவிடப் பல மடங்கு. டிரைவ் ஆடும்போது மட்டை செங்குத்தாக இறங்குகிறது. பந்து நினைத்ததைவிட ஒரு சாண் தணிந்து வந்தாலும் மட்டையில் எங்காவது படும். ஆனால் பந்து பக்கவாட்டில் நாலு விரல் விலகினால் விளிம்பில் படும், அல்லது தவறிப்போகும். கட், புல், ஸ்வீப் ஆடும்போது மட்டை படுக்கையாக வருகிறது. இப்போது பந்து பக்கவாட்டில் எவ்வளவு திரும்பினாலும் மட்டையின் நீளம் காக்கும். உயரத்தில் தப்பினால்தான் ஆபத்து: மேலே எழும்பினால் மேல் விளிம்பில் பட்டுக் கேட்ச், தணிந்தால் கால்காப்பில் பட்டு எல்பிடபிள்யூ, இல்லையென்றால் ஸ்டம்ப் போகும். ஆக மட்டையாளர் ஒவ்வொரு பந்துக்கும் கேட்டுக்கொள்ள வேண்டியது: இந்தத் தரை இன்றைக்கு என்னை எந்தப் பக்கம் ஏமாற்றும், பக்கவாட்டிலா, உயரத்திலா? பக்கவாட்டில் ஏமாற்றுகிற தரையில் குறுக்குமட்டைதான் பாதுகாப்பு. உயரத்தில் ஏமாற்றுகிற தரையில் நேர்மட்டை. இது தெரிந்தவருடைய ஆக்ரோஷத்தில் தற்காப்பும் கலந்தே இருக்கும்.

சேப்பாக்கத்தில் இதற்கு அருமையான சாட்சிகள் இருக்கின்றன. 1975 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ் அங்கே ஒரே இன்னிங்ஸில் 64 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். இந்தியா 190 ரன்னுக்கு ஆட்டமிழந்தது, அதில் குண்டப்பா விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97. வேகமும் எழும்பலும் இருந்த களம். எழும்பல் இருந்ததால்தான் அவருடைய ஸ்கொயர் கட்டுக்கு அங்கே இடம் கிடைத்தது. மணிக்கட்டைத் திருப்பி அவர் ஆடிய அந்த கட், பந்து இடுப்பளவுக்கு நம்பி வரும் தரையில்தான் ஆயுதம். அதே ஷாட்டை நான்காம் நாள் கரிசல் களத்தில் ஆடப் போனால் அடி விளிம்பில் பட்டு ஸ்டம்புக்குத்தான் போகும். அந்த டெஸ்ட்டை இந்தியா 100 ரன்னில் வென்றது. சதத்துக்கு மூன்று ரன் முன்னால் கடைசி ஆள் சந்திரசேகர் ஆட்டமிழந்துவிட, விஸ்வநாத் மறுமுனையில் நின்றுவிட்டார். சதம் போனதைப் பற்றி இன்றும் வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த 97 போதும்.

இன்னொரு சாட்சி 1998 மார்ச், ஆஸ்திரேலியா. முதல் இன்னிங்ஸில் சச்சின் டெண்டுல்கர் ஷேன் வார்னை இறங்கி வந்து அடிக்கப் போய், விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் மார்க் டெய்லரிடம் பிடிபட்டார். வெறும் 4 ரன். இந்தியா 71 ரன் பின்தங்கியது. இரண்டாவது இன்னிங்ஸில் அவர் 191 பந்தில் 155, அவுட் ஆகவில்லை. வார்னுக்கு அந்த இன்னிங்ஸில் 122 ரன் போய் ஒரே ஒரு விக்கெட். வார்ன் ரவுண்ட் த விக்கெட் வந்து, லெக் ஸ்டம்புக்கு வெளியே காலடிபட்டுக் கிளறிக் கிடந்த மண்ணில் பந்தைக் குத்தினார். அந்த இடத்திலிருந்து பந்து ஏகமாகத் திரும்பும். சச்சின் அதைச் சுழலுக்கு எதிராக மிட்விக்கெட்டுக்கு மேல் தூக்கி வீசினார். பார்ப்பதற்குப் பயங்கரமான ஷாட். சுழலுக்கு எதிராக அடிக்காதே என்றுதானே எல்லாப் பயிற்சியாளரும் சொல்வார்கள்?

கொஞ்சம் நின்று அந்தப் பந்தைப் பார்ப்போம். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்துகிறது. விதிப்படி அங்கே குத்திய பந்துக்கு எல்பிடபிள்யூ கிடையாது. ஆக, தவறவிட்டுக் காலில் பட்டாலும் உயிர் போகாது. பந்தின் ஏமாற்று முழுக்கப் பக்கவாட்டில். படுக்கையான மட்டை அதைத் தாங்கும். மீதி ஆபத்து இரண்டு: காலுக்குப் பின்னால் சுற்றி வந்து ஸ்டம்பில் படுவது, மேல் விளிம்பில் பட்டு மேலே எழும்புவது. முதலாவதை முன்காலை நன்றாக நீட்டி மறைக்கலாம். இரண்டாவதற்குப் பயிற்சிதான் மருந்து. அதையும் அவர் செய்திருந்தார். தொடருக்கு முன் லெக் ஸ்பின்னர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனைக் கூப்பிட்டு, லெக் ஸ்டம்புக்கு வெளியே தரையைக் கிளறிவிட்டு, அந்த இடத்திலேயே குத்தச் சொல்லி ஆடிப் பழகினார். களத்தில் வெறியாட்டமாகத் தெரிந்தது முன்கூட்டியே போட்டு வைத்த கணக்கு. இந்தியா 179 ரன்னில் வென்றது.

2021 பிப்ரவரியில் இதே மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக, முதல் நாளிலிருந்தே திரும்பிய களத்தில் ரோகித் சர்மா 161 எடுத்ததும் இதே வகை. அணியின் மொத்தம் 329. முன்காலை நீட்டித் தடுத்தால் விளிம்பில் பட்டுப் போகும் என்று தெரிந்து ஸ்வீப்பை நம்பினார். கடைசியில் ஸ்வீப் ஆடித்தான் அவுட் ஆனார் என்பதால் அது தப்பான ஷாட் ஆகிவிடுமா?

மண்ணையே கணக்கிலிருந்து எடுத்துவிடும் வழியும் ஒன்று இருக்கிறது. எங்கள் பையன்கள் ‘இறங்கி அடிக்கிறது’ என்று சொல்வது. கிரீஸை விட்டு இறங்கிப் பந்து குத்துகிற இடத்துக்கே போய், குத்தியதும் குத்தாததுமாக அடித்துவிட்டால் தரை எழும்பவைத்தால் என்ன, தணியவைத்தால் என்ன? பந்துக்கு ஏமாற்ற நேரமே இல்லை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது மிக ஆபத்தான செயலாகப் படும். வெடித்த கரிசலில் ஆடுபவருக்கோ கிரீஸுக்குள் நின்று காத்திருப்பதுதான் பயம். இதில் தோற்பது காலடி பாதியில் நிற்கும்போது. பந்து குத்தும் இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுகொண்டு, எழும்பி வரும் வழியில் டிரைவ் அடிக்கப் போனால், நின்று வரும் பந்துக்கு மட்டை முந்திவிடும். கவரிலோ மிட்ஆஃபிலோ லட்டு மாதிரி கேட்ச். தணிந்த களத்தில் அவுட் ஆவதில் பாதி இப்படித்தான். முழுசாக இறங்கு, இல்லையென்றால் முழுசாகப் பின்வாங்கி பந்து திரும்பி முடியும்வரை பார்த்து ஆடு. அரைகுறையாக இருப்பதே குற்றம்.

மண்ணுக்கு மேல் அடுத்த அடுக்கு, ஆட்கள் நிற்கும் இடம். ஒருநாள் ஆட்டம்போல் டெஸ்ட்டில் வட்டத்துக்கு வெளியே எத்தனை பேர் என்ற கட்டுப்பாடு இல்லை. ஆனால் விக்கெட் வேண்டுமென்றால் ஸ்லிப்பில் மூன்று பேர், ஷார்ட் லெக்கில் ஒருவர் என்று நெருங்கி நிற்க வேண்டும். அவர்கள் அங்கே நின்றால் தூரத்தில் வெறும் புல்தரை. டெஸ்ட்டில் எல்லைக்கோடு மிகத் திறந்து கிடப்பது புதுப்பந்து நேரத்தில்தான். வீரேந்திர சேவாக் இதைப் புரிந்துகொண்ட அளவுக்கு வேறு யாரும் புரிந்துகொண்டதாக எனக்குத் தெரியவில்லை. 2008 மார்ச்சில் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்கா 540 எடுத்த பிறகு, 304 பந்தில் 319 அடித்தார். அதில் மூன்றாம் நாள் ஒரே நாளில் 257. முச்சதம் வந்தது 278வது பந்தில். கால் நகர்த்தாமல் அடிக்கிறார் என்று அவரைக் குறை சொன்னார்கள். ஆட்கள் எங்கே இல்லை என்பதை அவர் கண் நகர்ந்து நகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. 104 டெஸ்ட்டில் 8,586 ரன், சராசரி 49.34, 100 பந்துக்கு 82 ரன் என்ற வேகம். குருட்டு அதிர்ஷ்டம் 104 டெஸ்ட் தாங்காது.

அதற்கும் மேல் அடுக்கு, நேரம். இதில் எனக்கு மிகப் பிடித்தது அதே 2008ன் டிசம்பர். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு ஊருக்குப் போயிருந்த இங்கிலாந்து அணி திரும்பி வந்து சென்னையில் ஆடிய டெஸ்ட். இந்தியாவுக்கு இலக்கு 387. நான்காம் நாளின் கடைசிப் பகுதியில் சேவாக் 68 பந்தில் 83 அடித்தார். அன்றைய ஆட்டம் முடிந்தபோது ஒரு விக்கெட்டுக்கு 131. மீதி 256 ரன், கையில் ஒரு முழு நாள். இப்போது யாரும் அவசரப்பட வேண்டியதில்லை. மறுநாள் சச்சின் நிதானமாக 103, யுவராஜ் 85, இருவருமே அவுட் ஆகாமல் முடித்தார்கள். சேவாக் அடித்தது தனக்காக ரன் சேர்த்ததோடு நிற்கவில்லை. மறுநாள் ஆடப் போகிறவர்களுக்கு நிதானத்தை வாங்கிக் கொடுத்தது. வேகமாக ஆடுவதன் நல்ல பயன் பல நேரம் மறுமுனையிலும் மறுநாளிலும்தான் தெரியும்.

கான்பூரும் இதே கணக்கு. இரண்டு நாளுக்கு மேல் போன பிறகு பஞ்சமானது நேரம், விக்கெட் அல்ல. களம் தணிவாக இருந்தது, பெரிதாகத் திரும்பவில்லை, வெடித்து உயரத்தில் ஏமாற்றும் நிலைக்கும் வரவில்லை. ஈரம் உள்ளே இருந்த கரிசல் அது. மட்டையைக் கீழே வைத்து, நேராகத் தூக்கி அடிப்பதற்கு உகந்த தரை. முதல் ஓவர்களில் ஆட்கள் நெருங்கி நின்றார்கள், அடித்தவுடன் பரவினார்கள், பரவியதும் ஒன்றும் இரண்டுமாக ஓட வழி கிடைத்தது. மண், ஆட்கள், நேரம் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டின. மூன்றையும் பார்த்துவிட்டுத் துணிந்தார்கள் என்பதால்தான் அந்த ஆட்டத்தை மதிக்கிறேன்.

இந்த மூன்றையும் பாராமல் அடித்தால் என்ன ஆகும்? 2024 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஜோ ரூட் ஆடியதைப் பாருங்கள். இங்கிலாந்து 2 விக்கெட்டுக்கு 224 என்று நன்றாக இருந்தது. பும்ராவின் பந்தை ரூட் மட்டையைத் திருப்பி ஸ்லிப்புக்கு மேல் சொடுக்கப் பார்த்தார். இரண்டாவது ஸ்லிப்பில் ஜெய்ஸ்வால் பிடித்தார். 319க்கு மொத்த அணியும் போனது, டெஸ்ட்டை 434 ரன்னில் இழந்தார்கள். அடுத்த டெஸ்ட் ராஞ்சியில். வெடிப்பு விழுந்த களம், பந்து தணிந்து தணிந்து வந்தது. பென் ஸ்டோக்ஸ் தரையோடு வந்த பந்தில் எல்பிடபிள்யூ ஆனார். அங்கே அதே ரூட் 274 பந்தில் 122, அவுட் ஆகாமல். அந்தத் திருப்பல் ஷாட்டைப் பெட்டியில் பூட்டிவிட்டு, நேர்மட்டையோடு காத்து ஆடினார். ஒரே ஆட்டக்காரர், ஒரே தொடர், அடுத்தடுத்த டெஸ்ட். கரிசல் களத்தில் எப்படி ஆடுவது என்று யாராவது கேட்டால் இந்த ராஞ்சி இன்னிங்ஸைத்தான் பார்க்கச் சொல்வேன்.

நம் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்தைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு ஆக்ரோஷம் என்றால் அவர் முகம்தான். தொடக்க ஆட்டக்காரர் வேகப்பந்தைப் பயமில்லாமல் வெளுக்கலாம் என்று காட்டியவர். 43 டெஸ்ட்டில் 2,062 ரன், சராசரி 29.88, இரண்டு சதம். ஒன்று சிட்னியில் 116, மற்றொன்று 1987ல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 123. அவரை நேசித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: கையிலிருந்த ஷாட்டுக்கும் கண்ணுக்கும் அந்தச் சராசரி குறைவு. எந்தத் தரையிலும் எந்த நேரத்திலும் ஒரே மாதிரி ஆடினார். சேவாக்குக்கும் அவருக்கும் உள்ள இருபது ரன் இடைவெளியில் பெரும்பங்கு, அடிக்காமல் விட்ட பந்துகளில் இருக்கிறது.

முடிவை வைத்து ஷாட்டை எடைபோடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. 1999 ஜனவரி, சேப்பாக்கம், பாகிஸ்தான். இலக்கு 271. ஐந்து விக்கெட்டுக்கு 82 என்ற நிலையிலிருந்து சச்சின் முதுகுவலியோடு 136 வரை கொண்டுவந்தார். 17 ரன் மீதி இருக்கும்போது சக்லைன் முஷ்டாக்கைத் தூக்கி அடிக்கப் போய் வாசிம் அக்ரமிடம் பிடிபட்டார். 12 ரன்னில் தோல்வி. அந்த ஷாட் தேவையா என்று இன்றும் டீக்கடையில் கேட்கிறார்கள். முதுகு பிடித்துக்கொண்டு நிற்கவே முடியாதவருக்கு இன்னும் எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்? ஒன்றொன்றாக ஓடிச் சேர்க்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. நேரக் கணக்கு அவர் உடம்புக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஷாட்டைக் குற்றம் சொல்ல என்னால் ஆகாது. அவருக்குப் பிறகு கடைசி மூன்று விக்கெட்டும் நான்கே ரன்னில் விழுந்ததுதான் எனக்கு வலிக்கிறது.

ரிஷப் பந்த் விஷயத்தில் இந்த எடைக்கல் இன்னும் தாறுமாறு. 2024 டிசம்பரில் மெல்போர்னில் ஸ்காட் போலந்தின் பந்தைத் தோளுக்குப் பின்னால் சுழற்றி அடிக்கப் போய், 28 ரன்னில் தேர்ட் மேன் எல்லையில் லயனிடம் பிடிபட்டார். கவாஸ்கர் வர்ணனையிலேயே கொதித்தார். இந்த இடத்தில் நான் கவாஸ்கர் பக்கம். முந்தின பந்தில் அதே ஷாட் தவறி உடம்பில் பட்டிருந்தது; லெக் பக்கம் எல்லையில் ஆட்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள்; இந்தியா தோல்வியைத் தள்ளிப்போட வேண்டிய நிலையில் இருந்தது. மண் வேண்டாம் என்றது, ஆட்கள் வேண்டாம் என்றார்கள், நேரமும் வேண்டாம் என்றது. 2025 ஜூனில் லீட்ஸில் அவரே 134, 118 என்று இரண்டு சதம் அடித்தபோது அதே கவாஸ்கர் மனமாரப் பாராட்டினார். அந்த டெஸ்ட்டில் இந்தியா தோற்றது. அதனால் அந்தச் சதங்களின் ஷாட்டுகள் தப்பாகிவிடவில்லை. 2021ல் பிரிஸ்பேனில் 328 இலக்கைத் துரத்தி வென்ற நாளில் அவர் அரைசதத்துக்கு 100 பந்து எடுத்துக்கொண்டார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். முதலில் விட்டார், தடுத்தார், பிறகு 138 பந்தில் 89. அதே துரத்தலில் நம் சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர் பாட் கம்மின்ஸை ஹூக் அடித்து சிக்ஸருக்கு அனுப்பினார். வெடிப்பு விழுந்த களம்தான் அதுவும், ஆனால் எழும்பல் நம்பகமாக இருந்தது. குட்டைப் பந்துக்குக் குறுக்குமட்டை அங்கே சரி. பத்து ரன் மீதி இருக்கும்போது லயனை ரிவர்ஸ் ஸ்வீப் ஆடி பௌல்டு ஆனாரே, அது தேவையில்லாதது. வென்றுவிட்டதால் அதை யாரும் பேசவில்லை.

இதெல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதே என் கவலை. கோவில்பட்டி ஹாக்கி ஊர். செயற்கைப் புல்தரை இங்கே இருக்கிறது, விடுதி இருக்கிறது. இங்கே வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் இந்திய அணிக்கு ஆடினார். ஹாக்கி எப்போதோ மண்ணை விட்டு நீலத் தரைக்குப் போய்விட்டது. கோவில்பட்டியில் பழகியவர் உலகத்தில் எங்கே போனாலும் அதே தரை. கிரிக்கெட் அப்படி இல்லை, இன்னும் மண்ணோடு கட்டுண்டு கிடக்கிறது. கண்மாய்க் கரிசலில் நேர்மட்டையோடு வளரும் பையன் மாவட்ட ஆட்டத்துக்குப் போனால் பெரும்பாலும் மேட் விரித்த களம். அங்கே பந்து ஒரே சீராக நெஞ்சுக்கு வரும். கட்டும் புல்லும் ஆடத் தெரிந்தவர்களுக்குத்தான் ரன். இரண்டு வருடம் மேட்டில் பழகிக் குறுக்குமட்டைக்கு மாறியபின் நிஜமான புல்களத்தில் தேர்வுக்கு நிறுத்துவார்கள். பந்து தணியும், கால்காப்பில் படும், நடுவர் கை உயரும். பையனுக்குத் திறமை இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

களத்துக்குக் களி வேண்டும் என்று பெரிய மைதானங்கள் லாரியில் மண் வரவழைக்கின்றன. இங்கே அது காலடியில் கிடக்கிறது, காசில்லாமல். மெல்போர்னிலும் சிட்னியிலும் இதே குடும்பத்து மண்ணை ரோலரும் புல்லும் கல்லாக்குகின்றன என்றால், இருபத்திரண்டு கஜம் நீளமும் பத்தடி அகலமும் கொண்ட ஒரு பட்டையைக் கோவில்பட்டியில் அப்படி இறுக்க முடியாதா? கனமான ரோலர் ஒன்று வேண்டும். கோடையிலும் வற்றாத ஆழ்குழாய் வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு காலையும் மாலையும் களத்தைக் கவனிக்க, ஈரம் பார்த்து ரோலர் ஓட்டத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். அரசுப் பள்ளி மைதானம் ஒன்றில் இதைச் செய்து கொடுத்தால், இந்தப் பகுதிப் பையன்களும் பெண்பிள்ளைகளும் முதல் நாள் காலையில் கட் அடிக்கவும், நான்காம் நாள் சாயங்காலம் அதே பந்தை விட்டுவிடவும் ஒரே தரையில் பழகிக்கொள்வார்கள்.